மரம் காக்க வந்த ரம்பம்

"ரம்பமா?" என்றார் சாம்சன்.

"அது ஒண்ணுதான் சார் மிச்சம். மத்த சின்னத்தையெல்லாம் எடுத்துட்டாங்க," என்றார் நகராட்சித் தேர்தல் அலுவலர்.

சாம்சன் கேட்க நினைத்திருந்தது தென்னந்தோப்பு. அது இல்லையென்றால் பலாப்பழம். இரண்டும் போனதற்கு யாருடைய சூழ்ச்சியும் காரணமில்லை. கட்சி வேலைக்குப் பெட்ரோல், டீசல் வண்டியில் போகக்கூடாது என்பது மலையடிவாரப் பசுமைக் கட்சியின் விதி. காலையில் ஸ்ரீவில்லிபுத்தூரில், பால்கோவா கடை மாடியில் உள்ள தலைமை அலுவலகத்தில் கூட்டம். அது முடிந்து ராஜபாளையத்துக்கு எதிர்காற்றில் சைக்கிள் மிதித்தார். பஸ்கள் அவரைத் தாண்டிப் போய்க்கொண்டே இருந்தன. அவற்றில் ஒன்றில்தான் தென்னந்தோப்பு கேட்ட சுயேச்சை உட்கார்ந்திருந்தான்.

சாம்சன் பஞ்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வுபெற்ற மனிதர். பொய் சொல்ல வராது. கட்சி இதுவரை நின்ற இடமெல்லாம் தோற்றிருந்தது. தலைவி பரிபூரணம் அன்று காலைதான் சொல்லியிருந்தார்: "இந்த வார்டும் போச்சுன்னா போர்டைக் கழட்டிருவோம் தம்பி. எனக்கும் மாடி ஏற முடியல."

வீட்டில் மனைவி ஹெப்சிபா செய்தியைக் கேட்டுவிட்டு, அரிந்துகொண்டிருந்த வெண்டைக்காயைக் கீழே வைத்தாள்.

"மரத்தக் காப்பாத்தப் போறவியளுக்கு ரம்பமா? வெளங்கும்."

"சின்னத்துல என்னட்டி இருக்கு? எடுத்துச் சொன்னா சனங்களுக்குப் புரியும்."

சனங்களுக்குப் புரியவில்லை. தெருமுனை வேம்புக்குக் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வளர்த்த அழகுத்தாய், சாம்சன் சட்டையில் குத்தியிருந்த ரம்பப் படத்தைப் பார்த்ததும் மரத்துக்கு முன்னால் வந்து நின்றுகொண்டாள்.

"ஒங்கள நல்ல மனுஷன்னு நெனச்சேன். அங்கயே நில்லுங்க."

"இது ஊழலை அறுக்குற ரம்பம் அழகுத்தாய்."

"மொதல்ல அப்படித்தான் சொல்லுவாக."

சரி, சுவர் விளம்பரப் படத்தில் கொஞ்சம் பசுமை சேர்ப்போம் என்று ரம்பத்துக்குப் பக்கத்தில் ஒரு மரம் வரையச் சொன்னார். வரைந்தவன் இடம் போதாமல் மரத்தை ரம்பத்தோடு ஒட்டி வரைந்துவிட்டான். அறுவை பாதி முடிந்த மாதிரி இருந்தது. காலை நடைக்காரர்கள், மாடித்தோட்டக்காரர்கள் என்று நம்பியிருந்த ஓட்டெல்லாம் கைநழுவியது.

அந்த வாரமே, மரம் அறுக்கும் சாமில் முதலாளி உக்கிரபாண்டி சாம்சனின் சைக்கிளை நிறுத்தி அவருக்கு ஒரு துண்டைப் போர்த்தினார்.

"சாமில்காரன், ஆசாரி, லோடுமேன் அம்புட்டுப் பேரு ஓட்டும் ஒங்களுக்குத்தான் அண்ணாச்சி."

சாம்சன் யோசித்தபடியே சைக்கிளை மிதித்தார். சின்னத்தைப் பார்த்து ஏமாந்து போடுகிறார்கள். ஏமாற்றி வாங்கும் ஓட்டு பாவம் இல்லையா? மறுநாள் சாமிலுக்கே போனார். முனையில் சிவப்பு மையால் ஏதேதோ எழுதிய, அறுக்காத மரத்தடிகள் மதில் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. அவற்றின் முன்னால் ஆட்களைக் கூட்டி உண்மையை உடைத்தார்.

"ஏய்யா, தப்பா நெனச்சிறாதீங்க. நான் ஜெயிச்சா இந்த ஊர்ல ஒரு மரத்தையும் வெட்ட விடமாட்டேன்."

கைதட்டினார்கள். சத்தத்தில் சரியாகக் கேட்கவில்லை போல என்று மெஷினை நிறுத்தச் சொன்னார்.

"ரோட்டுப் புளியமரத்துல எவனாவது கைவச்சா கோர்ட்டுக்குப் போவேன்."

விசில் பறந்தது. ஒருவர் டீ வாங்கிவந்து கொடுத்தார்.

இதைக் கேட்ட பரிபூரணம் போனில் நிதானமாகச் சொன்னார்: "அரசியல்வாதி சொல்றது ஒண்ணு, செய்யிறது ஒண்ணுன்னு நெனக்கிறாங்க தம்பி. பேசாம இருங்க. ஜெயிச்ச பொறவு பாத்துக்கலாம்."

பேசாமல் இருக்க அவரால் முடியவில்லை. ஒவ்வொரு ஆசாரி வீட்டுக்கும் போய், "எனக்குப் போடாதீங்க, ஒங்க பொழப்பு கெட்டுரும்," என்றார். அவர்கள் சிரித்து, உட்காரவைத்து, மோர் கொடுத்தார்கள். இப்படி ஒரு வேட்பாளரைப் பார்த்ததே இல்லை என்று வார்டு முழுக்கப் பேச்சானது.

ஓட்டு எண்ணினார்கள். ரம்பம் ஜெயித்துவிட்டது. ஸ்ரீவில்லிபுத்தூர் மாடியில் பால்கோவா பரிமாறினார்கள். பரிபூரணம் போர்டைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டச் சொன்னார். சாம்சன் மட்டும் தன் பங்கைத் தொடவில்லை. மறுநாள் விடிந்ததும் ஹெப்சிபாவைத் துணைக்கு அழைத்துக்கொண்டு சாமிலுக்குப் போய்க் கைகூப்பினார்.

"மன்னிச்சிருங்க உக்கிரபாண்டி. ஒங்க ஓட்டுல ஜெயிச்சிட்டேன். ஆனா நான் சொன்னதத்தான் செய்வேன். ஒரு மரம் விழாது."

உக்கிரபாண்டி நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"அத நம்பித்தான அண்ணாச்சி போட்டோம். ஊரு மரம் மலிவா கெடைக்கிற வரைக்கும், தூத்துக்குடியில எறக்கின எங்க வெளிநாட்டு மரத்த எவன் வாங்குவான்?"