ஒன்பதாம் எண்ணில் புகார் இல்லை

ஒரு நகராட்சிக்கு மக்கள் மேல் அக்கறை வந்துவிட்டால் அதைத் தடுக்க யாராலும் முடியாது. எங்கள் நகராட்சிக்கு அந்த அக்கறை ஒரு கணினி வடிவில் வந்தது. குப்பை, தண்ணீர், தெருநாய் என்று மொத்தம் ஒன்பது பிரிவுகள். ஒரு பிரிவின் மீது புகார் வந்தால் திரையில் ‘ஆம்’ என்று சிவப்பாக எரியும். வராவிட்டால் ‘இல்லை’ என்று பச்சையாக எரியும். பச்சை எரிந்தால் ஊழியர்கள் டீ குடிக்கப் போகலாம்.

ஒன்பதாவது, லிப்ட் பிரிவு. எங்கள் குடியிருப்பின் ஏழாவது மாடி அக்காவுக்கு அந்தப் பிரிவோடுதான் தகராறு. அவள் கணவருக்கு இடுப்பில் ஆபரேஷன் ஆகியிருந்தது. அவரை வீட்டில் கொண்டுவந்து விட்ட மறுநாளே லிப்ட் படுத்துவிட்டது. வெள்ளிக்கிழமை டாக்டரிடம் காட்டாவிட்டால் கால் விளங்காமல் போகலாம் என்று சொல்லியிருந்தார்கள். அக்கா தினமும் புகார் கொடுத்தாள். வார்டு அலுவலகத்தில் தினமும் பச்சையே எரிந்தது.

அவளுடைய தம்பி அதே நகராட்சியில் ஒப்பந்தத்தில் புரோகிராம் எழுதுகிறவன். “நீ எழுதின சனியன்தானேடா அது?” என்று பிடித்துக்கொண்டாள். பாவம், அது அவன் எழுதியதில்லை. ஆனாலும் உட்கார்ந்து பார்த்துக் கண்டுபிடித்துவிட்டான்.

விஷயம் இதுதான். முதல் பிரிவின் புகாருக்கு எண் ஒன்று. அடுத்தடுத்து இரண்டு, நான்கு, எட்டு என்று இரட்டித்துக்கொண்டே போய் ஒன்பதாவதற்கு இருநூற்று ஐம்பத்தாறு. சி மொழியில் பூஜ்யம் என்றால் ‘இல்லை’, வேறு எதுவானாலும் ‘ஆம்’. எழுதியதைக் கணினிக்குப் புரிய வைக்கும் கம்பைலர் தலைமை அலுவலகத்தில் புதுசு. ‘ஆம், இல்லை’க்கென்றே அதில் தனி வகை உண்டு. எவ்வளவு பெரிய எண்ணைக் கொடுத்தாலும் ‘ஆம்’ என்று எடுத்துக்கொள்ளும். வார்டு அலுவலகத்தில் இருப்பதோ ஆதிகாலத்துக் கம்பைலர். அதற்கு அந்த வகையே தெரியாது என்பதால், யாரோ ஒரு புண்ணியவான் ஒரு பைட் அளவுக்குச் சின்ன டப்பா ஒன்றைக் கொடுத்து, இதை வைத்துச் சமாளி என்று விட்டுவிட்டுப் போயிருக்கிறார். அந்த டப்பாவில் இருநூற்று ஐம்பத்தைந்து வரைதான் கொள்ளும். ஒன்று கூடினாலும் எல்லாம் வழிந்து பூஜ்யம்தான் மிஞ்சும். ஆக, லிப்ட் புகார் தலைமை அலுவலகத்தில் உண்டு, வார்டில் கிடையாது. தலைமை அலுவலகத்தில் திரையைப் பார்க்கும் பதவி இன்னும் நிரப்பப்படவில்லை.

தம்பி நேராகத் தலைமை அதிகாரியிடம் போனான்.

“சார், டப்பாவுல போடறதுக்கு முன்னாடி எண்ணுக்குப் பக்கத்துல ரெண்டு ஆச்சரியக்குறி போட்டாப் போதும். எந்தக் கம்பைலரா இருந்தாலும் சரியா வந்துடும்.”

அதிகாரி கண்ணாடியைக் கழற்றினார். “இந்த ஆபீஸ் கோப்புல இதுவரைக்கும் ஒரு ஆச்சரியக்குறிகூட வந்ததில்லைப்பா. நாம எதுக்கும் ஆச்சரியப்படறதில்லை.”

“சி மொழியில அதுக்கு ‘இல்லை’ன்னு அர்த்தம் சார். ரெண்டு தடவை ‘இல்லை’ன்னா ‘ஆம்’.”

“எந்த ஊரு நியாயம் இது? இங்க ரெண்டு தடவை இல்லைன்னு சொன்னா, அந்த ஆள் மூணாவது தடவை வரவே மாட்டான்.”

“சார், லிப்ட் பிரிவுல புகாரே இல்லாத மாதிரி காட்டுது!”

“தெரியும். அதுக்குத்தான் அவங்களுக்குச் சிறந்த சேவைக் கேடயம் குடுத்திருக்கோம்.”

இருந்தாலும் மேற்படி பொருள் குறித்து ஆராய்ந்து அறிக்கை சமர்ப்பிக்க, பிரிவுத் தலைவர்களைக் கொண்டு ஒரு குழு அமைக்கப்பட்டது. ‘இரு கணினிகள் மாறுபட்ட விடை தருமிடத்து, பணிச்சுமை குறைவாக வரும் விடையே உண்மையெனக் கொள்ளப்படும்’ என்று குழு கண்டறிந்தது. கையோடு, தங்கள் பிரிவுகளுக்கும் ஒன்பதுக்கு மேற்பட்ட வரிசை எண்ணை வழங்குமாறு தலைவர்கள் பணிவுடன் கேட்டுக்கொண்டு வாங்கியும் விட்டார்கள். நாய்ப் பிரிவுத் தலைவர் மட்டும் கூட்டத்துக்கு வரவில்லை. நாய் பிடிக்கப் போயிருந்தார்.

வியாழக்கிழமை வந்துவிட்டது. அக்கா தம்பியைக் கூப்பிட்டாள்.

“எந்த நம்பர்தான்டா இப்ப வேலை செய்யுது?”

“மூணு. தெருநாய்.”

“சரி, ஏழாவது மாடியில வெறிநாய்னு எழுது. நாளைக்குக் காலையில அனுப்பு.”

வெள்ளிக்கிழமை காலையிலேயே நாய்ப் பிரிவிலிருந்து நான்கு பேர் வலையும் நாய் தூக்கும் ஸ்ட்ரெச்சருமாக ஏழு மாடி ஏறி வந்தார்கள்.

“நாய் எங்கம்மா?”

“நாயெல்லாம் இல்லைங்க. இவரைக் கீழ இறக்கணும்.”

பிரிவுத் தலைவர் மூச்சு வாங்கியபடி யோசித்தார். “வெறுங்கையோட போனா விளக்கம் கேப்பாங்க. கடிப்பாரா?”

“சாப்பாடு லேட்டானா மட்டும்.”

பூப்போலத் தூக்கிக்கொண்டு இறங்கினார்கள். ‘ஒன்று பிடிபட்டது, அமைதியானது’ என்று பதிவும் ஆயிற்று. பிடித்ததை ஊசி போட்டுப் பிடித்த இடத்திலேயே விட வேண்டும் என்பது விதி. அதனால் டாக்டரிடம் காட்டிவிட்டு, ஊசியும் போட்டு, சாயங்காலம் ஏழாவது மாடியிலேயே கொண்டுவந்து விட்டார்கள். எனக்கு அவர்களைக் கையெடுத்துக் கும்பிட வேண்டும் போலிருந்தது.

சேதி பரவியது. சாக்கடை அடைத்தாலும் நாய், குழாய் உடைந்தாலும் நாய். ஐந்தாவது மாடிக்காரர் பீரோ ஏற்றுவதற்கு நாய் எழுதினார். முதுகு ஒடிந்துபோன நாய்ப் பிரிவு, தனக்கும் ஒரு பெரிய எண் வேண்டுமென்று மனுப் போட்டு வாங்கிக்கொண்டது. ஊர் முழுக்கப் பச்சை எரிந்தது. இதற்கெல்லாம் வழிகாட்டிய அக்காவை நாங்கள் ஒருமனதாகக் குடியிருப்போர் சங்கத் தலைவியாக்கினோம். நகராட்சியும் இந்த மாதிரிச் சங்கங்களைப் புதுப் பிரிவாக, ஒரு பெரிய எண்ணில், கணினியில் சேர்த்துக்கொண்டது.

அத்தானை மறுபடியும் டாக்டரிடம் காட்ட வேண்டிய நாள் நெருங்கியது. தம்பி துணிந்துவிட்டான்.

“அக்கா, யாரையும் கேக்காம நானே அந்த ரெண்டு குறியையும் போட்டுடறேன். வேலை போனாப் போகட்டும். நாளைக்கே எல்லாப் புகாரும் சிவப்பா எரியும். லிப்டுக்கு ஆள் வந்துதான் ஆகணும்.”

“போடுடா என் ராசா!” என்றாள் அக்கா. பிறகு, “எல்லாப் புகாருமா?” என்றாள்.

“எல்லாமும்தான்.”

“சங்கத் தலைவி மேல வந்தது?”

“அது ஏகப்பட்டது இருக்குக்கா. மோட்டார் போடறதில்லை, மொட்டைமாடிச் சாவியைத் தர்றதில்லைன்னு...”

“இப்ப எப்படிக் காட்டுது?”

“பச்சையா.”

அக்கா டீ டம்ளரை மெதுவாகக் கீழே வைத்தாள்.

“அவசரப்படாதடா. இதையெல்லாம் ஒரு குழு போட்டுத்தான் பாக்கணும்.”

உள் அறையிலிருந்து அத்தான் குரல் கொடுத்தார். “லிப்ட் விஷயம் என்னம்மா ஆச்சு?”

“அப்படி ஒரு புகாரே வரலைங்க” என்றாள் அக்கா.