நான் பார்க்காத ஊர்வலம்

நிந்தவூர்,
வியாழக்கிழமை.

அன்புள்ள றுமைஸ் காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். வாப்பா, உம்மா, நான், நீங்கள் விட்டுப்போன சைக்கிள் எல்லாரும் அல்லாஹ்வின் கிருபையால் சுகம். சைக்கிளுக்கு மட்டும் ஒரு மட்கார்ட் இல்லை. கத்தாரில் நீங்களும் நலமாயிருக்க துஆச் செய்கிறோம். போனில் கதைத்தால் உம்மா கேட்டு வாப்பாவுக்குச் சொல்லிவிடுவா. அதனால் நாளைக்குப் பிளேன் ஏறும் றிபாஸிடம் கொடுக்கிற கருவாட்டுப் பார்சலுக்குள் இதை வைக்கிறேன். மணத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

கண்டியில் எனக்குக் கிடைத்த வேலைக்கு விட வாப்பாவுக்கு மனமில்லை என்பது தெரியும்தானே. "பஸ்ஸில மிச்சக் காசு கேக்கவே வெக்கப்படுற புள்ள, கண்டியில என்ன செய்யப்போகுது?" என்பார். போன கிழமைதான் கொஞ்சம் இறங்கிவந்தார். ஸுஹைறா ரீச்சர் பெண்பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு, கல்முனைக்குச் சுதந்திர தின ஊர்வலம் பார்க்கச் சைக்கிளில் போவதாக இருந்தா. "நீயும் போய் வா, பாப்பம். ஆனா 'உங்கட மகள ரோட்டுல கண்டம்' எண்டு ஒருத்தரும் எனக்கு வந்து சொல்லப்படாது. சொன்னா கண்டி இல்ல" என்றார்.

அவசரமில்லாத பயணம் என்று ரீச்சர் சொன்னது உண்மைதான். காரைதீவில் ஓர் ஆடு எங்களை முந்திப் போனது. ஒருவரும் தொலையாதிருக்க எல்லாருக்கும் மஞ்சள் ஸ்கார்ஃப், இரண்டிரண்டு பேராக வரிசை. அதுதான் வினையாயிற்று. கல்முனைக்குடியில் ஊர்வலத்துக்கென்று சர்பத் பந்தல் போட்டு, ஒலிபெருக்கியோடு நின்ற முனாப் நானா எங்களைக் கண்டதும் "ஊர்வலம் வந்திட்டு, ஊத்துங்க" என்று அறிவித்துவிட்டார். "நாங்க ஊர்வலமில்ல நானா, பாக்க வந்த ஆக்கள்" என்றா ரீச்சர். "பரவால்ல, குடிச்சிட்டுப் பாருங்க" என்றார் அவர். நம் பக்கத்தில் நீட்டிய சர்பத்தை மறுத்துப் போக முடியுமா? மற்றவர்கள் இரண்டாம் கிளாஸுக்கு நின்றார்கள். சனம் பார்க்கிறதே என்ற வெட்கத்தில் நான் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, தலையைக் குனிந்துகொண்டு முன்னே போய்விட்டேன். யாரோ ஹேண்டிலில் தேசியக்கொடியைச் சொருகினார். வேண்டாமென்று சொல்ல வெட்கம். சந்தியில் பொலிஸ்காரர் வாகனங்களை மறித்து வழிவிட்டார். அவரை ஏமாற்ற வெட்கம். பிறகுதான் பின்னால் மேளச் சத்தம் கேட்டது. திரும்பினால் பள்ளிக்கூட பாண்ட், அதற்குப் பின்னால் உண்மையான ஊர்வலம். மெல்லப் போனால் விழுவேன், வேகமாகப் போனால் ஊர்வலம் என்னைத் துரத்துவது போலிருக்கும். கல்முனை பஸார் முழுக்க இரண்டு பக்கமும் சனம். "சீனிமுகம்மதுட மகள்தானே இது?" என்று ஒரு குரல் வேறு. மட்கார்ட் எங்கே கழன்றதோ தெரியாது; பாண்டில் ஒரு பிள்ளை அதையும் தட்டிக்கொண்டு வந்ததாக ரீச்சர் சொல்கிறா.

வாப்பா வேளாண்மை வெட்டுக்கு வயலில் நிற்கிறார். அவர் ஊருக்கு வருமுன் நீங்கள் போன் எடுத்து, அது நான் இல்லை, மஞ்சள் ஸ்கார்ஃப் போட்ட வேறு பிள்ளை என்று சொல்ல வேண்டும். எனக்குப் பொய் சொல்லவும் வெட்கம். நான் ஊர்வலத்தைப் பார்க்கவேயில்லை என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்; அது உண்மை.

உங்கள் உழைப்பில் அல்லாஹ் பறக்கத் செய்யட்டும்.

இப்படிக்கு,
தங்கை சஹ்லா

பி.கு.: பார்சலைக் கட்டும்போதே வாப்பா வந்துவிட்டார். வழியில் தேத்தண்ணிக் கடையில் இறங்கினாராம். அங்கே எல்லாரும் "உங்கட மகளக் கண்டம்" என்றார்களாம். நான் கதவுக்குப் பின்னால் நின்றேன். யாரோ ஊர்வலத்தில் எடுத்த வீடியோவைப் போனில் நீட்டி, "என்னத்துக்குப் புள்ள தலையக் குனிஞ்ச? முகம் விழல்ல. கடையில ரெண்டு பேர் நம்புறானுகள் இல்ல" என்றார். பிறகு, "கண்டிக்குப் போ. பஸ்ஸில போ" என்றார். ஆகவே காக்கா, அது நான் இல்லை என்று மட்டும் தயவுசெய்து சொல்லிவிடாதீர்கள்.