இரும்பன் செத்தது எனக்குத் தெரியாது

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். 'விண்ணோடிகள்' தொடரின் பதினாலாம் பாகத்தை நான் வாசிக்கவில்லை.

இதெல்லாம் ஒரு குற்றமா என்று கேட்பீர்கள். விண்வெளிக் கப்பல்களைப் பற்றிய அந்தத் தொடர் இருபது வருடத்துக்கும் மேலாகப் பாகம் பாகமாக வந்துகொண்டிருந்தது. இடையில் ஒன்றை விட்டவர்கள் எங்கள் ஊவா மாகாணத்திலேயே நிறையப் பேர் இருப்பார்கள். ஆனால் அவர்களில் யாரும் அந்தத் தொடருக்கு ஒரு கிளை நாவல் எழுதித் தொலைக்கவில்லை. நான் எழுதினேன்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. பூனாகலையில் கணக்கு டீச்சர். பாடம் நடத்திய நேரம் போக மீதி நேரமெல்லாம் பதிப்பாளருக்குக் கடிதம் எழுதுவேன். 'மூன்றாம் பாகத்தில் கப்பல் தலைவிக்கு இடது கன்னத்தில் மச்சம். எட்டாம் பாகத்தில் வலது கன்னத்தில். மச்சம் எப்போது இடம் மாறியது?' இந்த ரகம். (ஒரு கடிதத்துக்கு அட்டவணை கூட இணைத்திருந்தேன். அந்த வயதில் எனக்கு வேறு வேலை இல்லை என்பதை இப்போது ஒத்துக்கொள்கிறேன்.) முகநூலில் இருந்த வாசகர் குழுவில் எனக்கு 'பிழை டீச்சர்' என்று பெயர். கேலிக்குத்தான் வைத்தார்கள். நான் அதைக் கலாநிதிப் பட்டம் மாதிரிச் சுமந்துகொண்டு திரிந்தேன்.

பதினாலாம் பாகம் வந்த மாதம் பெரகல பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்துக்கொண்டது. பண்டாரவளைக் கடைக்கு வரவேண்டிய பார்சல் எங்கேயோ போய்விட்டது. அடுத்து பதினைந்தாம் பாகம் வந்தது, வாங்கிக்கொண்டேன். 'பிழை டீச்சர் ஒரு பாகத்தை விட்டுவிட்டாள்' என்று வெளியே தெரிந்தால் மானம் போய்விடுமே! அதனால் யாராவது பதினாலாம் பாகத்தைப் பற்றிப் பேச்செடுத்தால் நெஞ்சில் கை வைத்து, "வேணாங்க, அதப் பத்திப் பேச வேணாம்" என்பேன். எல்லாரும் உடனே கண் கலங்கி வாயை மூடிக்கொள்வார்கள். இந்த வசனம் ஏன் இவ்வளவு நன்றாக வேலை செய்கிறது என்று நான் ஒருநாளும் யோசிக்கவில்லை.

காரணம், அந்தப் பாகத்தின் கடைசிப் பக்கத்தில் இரும்பன் செத்துப்போயிருந்தான்.

இரும்பன் கப்பலின் இயந்திர மேஸ்திரி. முன்கோபி, ஆனால் தங்கமான மனுசன். வாசகர்களுக்குச் சொந்தச் சித்தப்பா மாதிரி. தீப்பிடித்த இயந்திர அறைக்குள் போய்க் கதவை உள்ளிருந்து பூட்டி மற்ற எல்லாரையும் காப்பாற்றினானாம். அதற்குப் பிறகு கதை வேறொரு கப்பலுக்கு நகர்ந்துவிட்டதால் எனக்கு விஷயம் எட்டவில்லை. பதினைந்தாம் பாகத்தில் 'நம்மாள இழந்துட்டோமே' என்று ஒரு வரி வரும். நான் அது காணாமல் போன கப்பல் பூனையைப் பற்றி என்று நினைத்தேன்.

என் கடிதங்களின் தொல்லை தாங்காமல் ஒருநாள் பதிப்பாளர், 'இவ்வளவு தெரிந்த நீங்களே ஒன்று எழுதுங்களேன்' என்று பதில் போட்டார். அது கோபம். நான் அழைப்பு என்று எடுத்துக்கொண்டு நாலு மாதத்தில் ஒரு நாவலை அனுப்பிவிட்டேன். மனுசன் என்ன நினைத்தாரோ, அச்சிட்டுவிட்டார். புதிதாகச் சேர்ந்திருந்த உதவி ஆசிரியர், "டீச்சர், நீங்க பார்த்த பிறகு நாங்க பார்க்க என்ன இருக்கு?" என்றார். எனக்குக் காது குளிர்ந்தது.

கதை இருபதாம் பாகத்துக்குப் பிறகு நடக்கிறது. மூன்றாம் அத்தியாயத்தில் இரும்பன் கையில் தேத்தண்ணிக் கோப்பையோடு வருகிறான். கடைசி அத்தியாயத்தில் ஒரு கல்யாண வீட்டில் ஆட்டம் வேறு போடுகிறான்.

புத்தகம் வெளியாகி ஒரு வாரத்தில் வாசகர் குழு தீப்பிடித்தது. எங்கள் தேயிலைத் தோட்டத்து லய வீடுகளில் சிக்னல் கிடைக்க வேண்டுமென்றால் குழாயடிக்குப் பக்கத்தில் கையைத் தூக்கிக்கொண்டு நிற்க வேண்டும். அப்படியும் ஒவ்வொரு கருத்திலும் முதல் வரி மட்டும்தான் திறந்தது. 'இரும்பனைப் பார்த்ததும் கை நடுங்கிருச்சு.' 'இப்படி எழுத எவ்வளவு துணிச்சல் வேணும்!' 'மூணாம் அத்தியாயத்துக்கு மேல வாசிக்க முடியல.' குடத்தோடு நின்ற பெண்களுக்கு இதையெல்லாம் சத்தமாக வாசித்துக் காட்டினேன்.

அடுத்த ஞாயிறு பதுளையில் வாசகர் கூட்டம். அம்மா நல்ல சேலை கட்டிக்கொண்டார். மலைக்குப் போய்க் கொழுந்து எடுத்துவிட்டு வந்து, நாளுக்கு நாலு பக்கமாக என் நாவலை வாசித்து முடித்தவர் அவர். தொடரில் வேறெதையும் தொட்டதில்லை. அண்ணன் தன் ஆட்டோவில் எங்களை ஏற்றிக்கொண்டு போனான். கூட்டம் ஒரு கல்யாண மண்டபத்தின் மேல்மாடியில். கீழ்மாடியில் யார் வீட்டுச் சடங்கோ, ஸ்பீக்கரில் பாட்டு அலறிக்கொண்டிருந்தது.

மேலே அறுபது பேர் இருப்பார்கள். ஒருவர் முகத்திலும் சிரிப்பில்லை. (எழுத்தாளரைப் பார்த்த பயபக்தி என்று நினைத்தேன்.) கூட்டத்தை நடத்திய திலகா அக்காவுக்குப் பதுளையில் வங்கி வேலை. அவர் மெதுவாகக் கேட்டார்: "இரும்பன ஏன் கொண்டு வந்தீங்க?"

மைக்கை நெருங்கிப் பிடித்துக்கொண்டேன். "இரும்பன்தாங்க இந்தத் தொடரோட உயிர். அவர் இல்லாத விண்ணோடிகள என்னால நெனச்சுக்கூடப் பாக்க முடியல."

எங்கேயோ ஒருவர் மூக்கை உறிஞ்சினார். எனக்கு உற்சாகம் கூடிவிட்டது. "அவரு இன்னும் நூறு வருசம் நல்லா இருக்கணும்!"

மூன்றாம் வரிசையில் ஒருவர் எழுந்தார். வாட்டசாட்டமான ஆள். கையில் பொலித்தீன் பையில் சுற்றிய புத்தகம்.

"டீச்சர், நான் செபமாலை. வெலிமடையில லீக்ஸ் மரக்கறி யாவாரம். இது பதினாலாம் பாகம். பதினோரு தடவ வாசிச்சிருக்கேன். செத்துப்போன மனுசன எதுக்கு டீச்சர் ஆட விட்டீங்க?"

"யாரு செத்தது?" என்றேன்.

மைக்கில்தான் கேட்டேன். சரியாக அந்த நேரம் பார்த்து கீழ்மாடிப் பாட்டும் நின்றுவிட்டது.

திலகா அக்கா என்னைப் பார்த்தார். நான் செபமாலையைப் பார்த்தேன். அண்ணன் வாசலைப் பார்த்தான். 'வேணாங்க, அதப் பத்திப் பேச வேணாம்' என்று சொல்லிப் பார்க்கலாமா என்றுகூட ஒரு கணம் தோன்றியது. ஆனால் செபமாலையின் கண்களில் தண்ணீர் நின்றது. அந்த மனுசன் முன்னால் இன்னொரு பொய் சொல்ல வாய் வரவில்லை.

"மன்னிச்சிருங்க. நான் பதினாலாம் பாகம் வாசிக்கல. வாசிச்ச மாதிரி இத்தன நாளா நடிச்சேன்."

மண்டபம் கொதித்தது. "பிழை டீச்சருக்கே பிழையா!" என்று ஒருவர் கத்தினார். "என் மச்சத்துக்கு எத்தனை கடிதாசி போட்டீங்க!" என்று இன்னொருவர். (அவர் மச்சம் இல்லை, கப்பல் தலைவியின் மச்சம். ஆத்திரத்தில் வந்துவிட்டது.)

அப்போது அம்மா எழுந்தார்.

"செத்தாரு செத்தாருன்னு சொல்றீங்களே, பொணத்த யாரு பாத்தா?"

எல்லாரும் திரும்பினார்கள். அம்மா விடவில்லை. "எங்க சின்ன மாமா கொழும்புல செத்துட்டாருன்னு சேதி வந்துச்சு. நாங்களும் அழுது பொரண்டு பதினாறு முடிச்சோம். பதினேழாம் நாள் பையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னு, எம் படத்துக்கு எதுக்கு மாலன்னு கேட்டாரு. நான் இந்தப் புள்ள எழுதுனத வாசிச்சேன். அந்த மனுசன் நல்லாத்தான் இருக்காரு. ஒங்க பொஸ்தகத்துல பொணம் இருக்கா? இருந்தா வாசிங்க, கேப்போம்."

செபமாலைக்குக் கோபம்தான். ஆனாலும் பையைப் பிரித்து, கடைசிப் பக்கத்தைக் கணீரென்று வாசித்தார். "'இரும்பன் கதவை உள்ளிருந்து பூட்டினான். பெரிய வெளிச்சம் எழுந்தது. பிறகு அங்கிருந்து எந்தச் சத்தமும் வரவில்லை.'" நிறுத்தினார். இன்னொரு தடவை உதடசைத்து வாசித்தார். அவர் குரல் இறங்கிவிட்டது. "செத்தான்னு... எழுதல."

பின்வரிசையில் கம்பஸில் படிக்கிற ஒரு பிள்ளை துள்ளி எழுந்தாள். "இயந்திர அறைக்குப் பின்னால அவசரப் படகு இருக்கு! ஆறாம் பாகத்துல படமே போட்டிருக்கு!"

"அதான் இந்தக் கதையில பழைய கப்பலப் பத்தி அவர் ஒரு வார்த்த பேசல!" என்றார் வேறொருவர். (பழைய கப்பலைப் பற்றி எழுதினால் பிழை வரும் என்று நான் தவிர்த்திருந்தேன்.)

"யார் பேசினாலும் 'என்னா, என்னா'ன்னு கேக்குறாரே, வெடிச் சத்தத்துல காது போயிருக்கு!" (நாங்கள் எல்லாருமே அப்படித்தான் பேசுவோம்.)

அதற்கப்புறம் யாரும் என்னைக் கவனிக்கவே இல்லை. அறுபது பேரும் நாற்காலிகளை வட்டமாக இழுத்துப் போட்டுக்கொண்டு இரும்பனைப் பிழைக்க வைத்தார்கள். படகில் எத்தனை நாள் கிடந்தான், யார் தூக்கினார்கள், ஏன் யாருக்கும் சேதி அனுப்பவில்லை, எல்லாவற்றுக்கும் பக்க எண்ணோடு ஆதாரம். கீழே சடங்கு வீட்டுக்காரர்கள் என்ன கலவரமோ என்று மேலே வந்து பார்த்துவிட்டு, விஷயம் தெரிந்ததும் ஒரு தட்டு லட்டு அனுப்பினார்கள்.

கடைசியில் திலகா அக்கா மைக்கை நீட்டினார். "இதெல்லாம் சரிதானா டீச்சர்?"

"எனக்குத் தெரியாது," என்றேன். "ஆனா நான் எழுதுனத விட நீங்க சொல்றது நல்லா இருக்கு."

அந்தக் கைதட்டல் போல் ஒன்றை அதற்கு முன்னாலும் பின்னாலும் நான் வாங்கியதில்லை. செபமாலை மேடைக்கு வந்து என் நாவலை நீட்டிக் கையெழுத்துக் கேட்டார். "மூணு வருசமா அவருக்காகக் கோயில்ல மெழுகுதிரி கொளுத்துறேன் டீச்சர். பாதருக்கு இவரு யாருன்னு இன்னும் தெரியாது."

அந்த மாதமே நாவல் இரண்டாம் அச்சுக்குப் போனது. தொடரின் மூல எழுத்தாளர் கூட்டத்தில் நடந்ததைக் கேள்விப்பட்டு எனக்குத் தொலைபேசி எடுத்து, திட்டுவார் என்று நான் கண்ணை மூடிக்கொண்டு நிற்கையில், "அம்மாகிட்ட குடுங்க" என்றார். இருபத்தொன்றாம் பாகத்தின் முதல் பக்கத்தில் இரும்பன் கதவைத் தட்டுகிறான். திறந்தவர்கள் பேயைப் பார்த்த மாதிரி நிற்க, அவன் கேட்கிறான்: "பொணத்த யாரு பாத்தா?" அம்மாவிடம் வாசித்துக் காட்டினேன். "நாஞ் சொன்னதுதானே," என்று வெற்றிலையை மடித்தார்.

அன்றிலிருந்து எங்கள் வீட்டில் எது தொலைந்தாலும், எது கெட்டாலும் இந்த ஒரே கேள்விதான். பஸ் போய்விட்டது என்றாலும் அதுதான், பரீட்சையில் கோட்டை விட்டேன் என்றாலும் அதுதான்.

என்னைப் பெண் பார்க்க வருவதாக இருந்த நாளில் மாப்பிள்ளை வீட்டாரைக் காணவில்லை. அப்புத்தளைப் பக்கம் கடும் பனிமூட்டம். நேரமாக ஆக, வந்திருந்த சொந்தக்காரர்கள் குசுகுசுக்க ஆரம்பித்தார்கள். "மாப்பிள்ள மனசு மாறிட்டாரு போல" என்று ஒரு பெரியம்மா வாய்விட்டே சொல்லிவிட்டார். அம்மா அடுப்படியிலிருந்து, "பொணத்த யாரு பாத்தா?" என்று சத்தமாகக் கேட்டபோது, வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தார் மாப்பிள்ளை.

வீடு உறைந்துபோனது. அவர் மட்டும் நிதானமாக உள்ளே வந்து, "பொணம் வரல அத்தை, நாந்தான் வந்திருக்கேன்," என்றார்.

அவர் இருபத்தொன்றாம் பாகத்தை வாசித்திருந்தார். அம்மா அங்கேயே சம்மதம் சொல்லிவிட்டார். என்னை யாரும் கேட்கவில்லை.