ஆர்டர் கொடுக்காத பையர்

திருப்பூரில் ஒரே ஒரு பனியனுக்குக்கூட ஆர்டர் கொடுக்காமல் அதிகமாக ஓசி இளநீர் குடித்த பையர் யாரென்று கேட்டால், கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவேன், என்னோடு ஒன்பதாம் வகுப்பு படித்தவன்தான்.

பெற்றவர்கள் அவனுக்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். அது எங்கள் யார் வாயிலும் நுழையவில்லை. அவன் அப்பா ஜெர்மனியிலிருந்து வந்த நிட்டிங் மெஷின் மெக்கானிக். இரண்டு வருட ஒப்பந்தத்தில் குடும்பத்தோடு வந்து நல்லூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் வீடு பிடித்திருந்தார். இது இரண்டாயிரத்துச் சொச்சத்தில் நடந்தது. அந்த நாளில் திருப்பூருக்குள் ஒரு வெள்ளைக்காரர் கால் வைத்தால் அவர் பனியன் கொள்முதல் செய்ய வந்த பையர்தான், வேறு யாராகவும் இருக்க முடியாது. பள்ளியில் சேர வந்த பதினாலு வயதுப் பையனைப் பார்த்ததும் வாட்ச்மேன் கேட்டின் இரண்டு கதவையும் திறந்துவிட்டு ஹெட்மாஸ்டரிடம் ஓடினார்.

"பையர் வந்திருக்காருங்க சார்."

அன்றோடு பெயர் ஒட்டிக்கொண்டது.

எங்கள் வகுப்பில் பாதிப் பேர் வீட்டில் பனியன் கம்பெனி இருந்தது. மீதிப் பேர் வீட்டில் அதை ஆரம்பிக்கும் ஆசை இருந்தது. பிறகு கேட்பானேன்? எங்களுக்கெல்லாம் ஆணி தூக்கிய பெஞ்சு, பையருக்கு மட்டும் மெத்தை போட்ட நாற்காலி. இன்டர்வெல்லில் இளநீர். கிரிக்கெட்டில் அவன் ஸ்டம்ப் மூன்றும் பறந்தாலும் பி.டி. சார் 'நோ பால்' என்பார். ஒரே ஓவரில் ஏழு தடவை அவுட் ஆகி ஏழு தடவையும் நோ பால் வாங்கியவனை நான் அதற்குப் பிறகு எந்த நாட்டு அணியிலும் பார்க்கவில்லை.

அவனும் லேசுப்பட்டவன் இல்லை. தினமும் காலையில் வகுப்பில் நாற்பது பேருக்கும் கை கொடுப்பான். அது முடிய முதல் பீரியடில் பாதி போய்விடும். வீட்டுப்பாடம் எழுதாதவர்கள் எழுந்திரியுங்கள் என்றால் ஊரே உட்கார்ந்திருக்கும், அவன் மட்டும் எழுந்து நிற்பான். அவன் நிற்பதைப் பார்த்து சாருக்குச் சந்தேகம் வந்து எல்லோர் நோட்டையும் வாங்குவார். நாங்கள் முட்டி போடுவோம், அவனுக்கு "பரவால்ல, உக்காருங்க தம்பி" கிடைக்கும். தமிழை வாட்ச்மேனிடமும் எங்கள் அம்மாவிடமும் கற்றுக்கொண்டான். தெருநாய் வழியில் படுத்திருந்தால், "கொஞ்சம் நகருங்க" என்பான்.

ஒருநாள் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது என்னிடம் சொன்னான்.

"இங்க யாரும் என்னைத் திட்டறதே இல்லீங்க."

"நல்லதுதானே. உங்க ஊர்ல திட்டுவாங்களா?"

"தினமுங்க" என்றான் ஏக்கமாக.

அரையாண்டுப் பரீட்சை வரை பார்க்கலாம், அதற்குள் ஒரு நண்பன்கூடக் கிடைக்காவிட்டால் பழைய பள்ளிக்கே அனுப்பி ஹாஸ்டலில் விட்டுவிடலாம் என்று அவன் அம்மா முடிவு செய்திருந்தாராம். அதற்கு இன்னும் மூன்று வாரம்தான் இருந்தது.

"நான் இருக்கறனல்ல" என்றேன். சொல்லும்போதே எனக்கு உள்ளுக்குள் குறுகுறுத்தது.

ஏனென்றால் அவனோடு என்னைப் பழகச் சொன்னதே எங்கள் அப்பாதான். வீட்டுக்குப் பின்னால் எட்டுத் தையல் மெஷின் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்துக்கொண்டிருந்தார். நேரடியாக ஒரு எக்ஸ்போர்ட் ஆர்டர் வாங்கிவிட வேண்டும் என்பது அவர் வாழ்நாள் ஆசை.

"கண்ணு, அவங்கப்பாகிட்ட நம்ம யூனிட்டப் பத்தி ஒரு வார்த்தை சொல்லச் சொல்லு."

"அவரு மெஷின் ரிப்பேர் பாக்கறவருங்கப்பா."

"எல்லாப் பையரும் மொதல்ல அப்பிடித்தான் சொல்லுவாங்க."

அதனால் சாயங்காலமெல்லாம் பையர் எங்கள் வீட்டில்தான். அம்மா அரிசியும் பருப்பும் சேர்த்துச் சோறாக்கிப்போட, அவன் நெய்யை ஊற்றி அள்ளி அள்ளித் தின்பான். எப்போது என்று தெரியாது, அப்பா சொன்னதற்காகக் கூட்டி வந்தவனை நானாகவே வாசலில் நின்று எதிர்பார்க்க ஆரம்பித்திருந்தேன்.

ஒரு சனிக்கிழமை ஒரு வெள்ளை டீ-சர்ட்டைக் கொண்டுவந்து என் கையில் கொடுத்தான். முன்னும் பின்னும் கறுப்பு மார்க்கரில் கிறுக்கல்கள். ஊரைவிட்டுக் கிளம்பிய அன்று பழைய வகுப்பு நண்பர்கள் எழுதிய பெயர்களாம்.

"இதுல உங்க பேரும் வேணுமுங்க. நாளைக்கு வந்து வாங்கிக்கறேன்."

அழகாக எழுத வேண்டுமென்று ரஃப் நோட்டில் நாலு பக்கம் கையெழுத்துப் போட்டுப் பழகினேன். சட்டையை நாற்காலியில் வைத்துவிட்டு டியூஷன் போனேன். அதுதான் நான் செய்த தப்பு.

ஒரு பையர் வீட்டிலிருந்து ஒரு சட்டை வந்தால் திருப்பூர்க்காரர் என்ன நினைப்பார்? சாம்பிள் வந்துவிட்டது என்றுதான். நான் திரும்பி வந்து அப்படியே தூங்கிவிட, ராத்திரியோடு ராத்திரியாக அப்பா அதைத் தையல் தையலாகப் பிரித்து, அளவெடுத்து, பிரிண்டுக்கு அனுப்பிவிட்டார். மறுநாள் காலை பையர் வந்தபோது அவன் சட்டை கட்டிங் டேபிளில் முன்பக்கம், பின்பக்கம், இரண்டு கை என்று நாலு துண்டாகக் கிடந்தது. பக்கத்தில் அவன் நண்பர்கள் அத்தனை பேரின் கையெழுத்தோடும் புத்தம்புது டீ-சர்ட்டுகள் மூன்று.

"சாம்பிள் ரெடிங்க. அப்பாவ அப்ரூவல் பண்ணச் சொல்லுங்க" என்றார் அப்பா, வாயெல்லாம் பல்லாக.

பையர் அந்தத் துண்டுகளைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தான். பிறகு என்னிடம் திரும்பினான்.

"ஆர்டருக்காகத்தான் எங்கூடப் பழகுனீங்களா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவன் முகத்தைப் பார்த்துக்கொண்டு வாய் வரவில்லை.

"மொதல்ல அப்பிடித்தான். இப்ப இல்லை."

அந்த இரண்டாவது பாதியை அவன் கேட்கவே இல்லை. பிடித்து ஒரு தள்ளு தள்ளினான். கட்டிங் வேஸ்ட் குவியலில் போய் விழுந்தேன். எனக்கும் ரோஷம் வந்தது, எழுந்து முதுகில் ஒன்று வைத்தேன். இரண்டு பேரும் துணிக் குப்பையில் கட்டிப்புரண்டோம். அப்பா பையர் மேல் கை வைக்கத் தயங்கி, "தம்பி, வேண்டாமுங்க தம்பி" என்று சுற்றிச் சுற்றி வந்தார்.

அம்மாவுக்கு அந்தத் தயக்கமெல்லாம் இல்லை. சீமாறோடு வந்து ஆளுக்கு இரண்டு போட்டாள்.

"ஏண்டா, இதுக்குத்தான் நெய் ஊத்திச் சோறு போட்டனா? எருமையாட்டம் உருளறீங்க. எந்திரிங்கடா ரெண்டு பேரும்."

பையர் எழுந்தான். தலையெல்லாம் நூல். அழுதுகொண்டிருந்தவன் அம்மாவைப் பார்த்து, நம்ப முடியாதவனாகச் சிரித்தான்.

நான் எல்லாவற்றையும் சொன்னேன், அந்தப் பெயர்கள் யாருடையவை என்பது உட்பட. அப்பா அந்த மூன்று புது டீ-சர்ட்டுகளையும் ஒதுக்கி வைத்தார். பிறகு அவரே மெஷினில் உட்கார்ந்தார். "தெரியாமப் பண்ணிப்போட்டேன் சாமி. ஆர்டரு கெடக்குது போ" என்று சொல்லிவிட்டு, பழைய ஊசித் துளையிலேயே ஊசி இறங்கும்படி மெதுவாக மெதுவாகத் தைத்தார். மத்தியானம் ஆகிவிட்டது. அதுவரை பையர் என்னோடு பேசவில்லை, ஆனால் வீட்டுக்கும் போகவில்லை.

தைத்து முடித்ததும் மார்க்கரை என்னிடம் நீட்டினான். நாலு பக்கம் பழகியும் என் பெயர் கோணலாகத்தான் விழுந்தது. அடுத்து அம்மாவிடம் நீட்டினான். "எனக்கெதுக்குடா" என்றவள், கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு எழுதினாள்.

அரையாண்டு லீவு விட்ட அன்று அவன் அம்மா எங்கள் வீட்டுக்கு வந்தார். மகன் ஊருக்குப் போகமாட்டேன் என்று ஒரே பிடியாக நிற்கிறான் என்று ஆங்கிலத்தில் சொன்னார். வாசலில் பையர் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான்.

"இருந்தா இருந்துட்டுப் போறான், எனக்கென்ன" என்று சொல்லிவிட்டு உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு, சந்தோஷத்தில் அழுதேன்.