வெறுங்கூடத்தில் வெள்ளைப் புள்ளிகள்

திரையில் ஒரு வெள்ளைப் புள்ளி தெரிந்தது. கூடத்தில் ஒன்றுமே இல்லை. ஃபரீஹாவின் சிக்கல் அவ்வளவுதான்.

மலேசியாவின் குளுவாங்கில் உள்ள அந்தத் தனியார் கல்லூரியின் ஆய்வுக்கூடத்தில் அவள் சேர்ந்து ரொம்ப நாளாகவில்லை. கூடத்தின் நாலு சுவரிலும் உயரத்தில் மோஷன் கேப்சர் கேமராக்களை மாட்டி, கோணம் பார்த்து, முந்தின நாளே எல்லாவற்றையும் சரிசெய்து வைத்திருந்தாள். அந்தக் கேமராக்களுக்கு மனிதர் தெரியாது, மேசை தெரியாது. ஒளியைத் திருப்பி அனுப்புகிற சின்னச் சாம்பல் உருண்டைகள் மட்டும்தான் தெரியும். ட்ரோனில் அவற்றை ஒட்டிப் பறக்கவிட்டால், அது எங்கே இருக்கிறது என்று திரை மயிரிழை பிசகாமல் காட்டும். ஆனால் அதற்கு முன் வெறுங்கூடம் திரையில் வெறுமையாகத் தெரிய வேண்டும்.

பிற்பகலில் ஒரு செம்பனைத் தோட்ட நிறுவனத்தார் பார்க்க வருகிறார்கள். அவர்களுக்குப் பிடிக்காவிட்டால், கேமராக்களை இரவல் கொடுத்தவர்கள் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள்.

"ஜன்னல் வெளிச்சமா இருக்கும்லா," என்றான் லோகேஸ்வரன். ட்ரோன் ஓட்டுவது அவன்.

கறுப்புத் துணி கொண்டுவந்து ஜன்னல்களை மூடினார்கள். புள்ளி இரண்டானது.

தரை பளபளக்கிறது, அதுதான் காரணம் என்றான். கல்லூரி மேடையில் விரிக்கும் கம்பளத்தை இருவருமாக இழுத்து வந்து விரித்தார்கள். தும்மல் அடங்குவதற்குள் புள்ளிகள் நாலாகிவிட்டன. அதில் ஒன்று நிதானமாக மேலே போய், மனிதத் தலை உயரத்தில் நின்றது.

மின்னுகிற எதுவும் கூடத்தில் வேண்டாமென்று இரும்பு அலமாரியை வெளியே தள்ளியபோது அது வாசலில் சிக்கிக்கொண்டது. பக்கவாட்டில்தான் நுழைந்து வர வேண்டியிருந்தது. லோகேஸ்வரன் கைக்கடிகாரத்தைக் கழற்றினான், பெல்ட்டைக் கழற்றினான், பிறகு ஒரு கையால் கால்சட்டையைப் பிடித்துக்கொண்டே வேலை செய்தான். ஃபரீஹாவும் தலையை மூடிய தூடோங்கில் குத்தியிருந்த ஊசிகளை எடுத்துவிட்டு, துணியைத் தாடைக்கடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். இருவருக்கும் ஆளுக்கொரு கைதான் மிச்சம். திரையிலோ புள்ளிகள் கூடிக்கொண்டே போயின.

"நாமதான் காரணமோ? வெளியே போயிடுவோம்," என்றாள்.

விளக்கை அணைத்துவிட்டு, அலமாரியைத் தாண்டிப் போய் வாசலிலிருந்து எட்டிப் பார்த்தார்கள். ஆளில்லாத இருட்டுக் கூடம். மூலையில் கணினித் திரை. அதில் புள்ளிகள் நடந்துகொண்டிருந்தன.

கல்லூரி வருவதற்கு முன்னால் இந்த இடத்தில் ரப்பர் கிடங்கு இருந்ததாம் என்று லோகேஸ்வரன் மெல்லச் சொன்னான்.  ஃபரீஹாவின் வாய் தானாக, பயத்தில் ஓதும் ஆயத்துல் குர்ஸியை ஓதிக்கொண்டிருந்தது.

ஓதி முடிப்பதற்குள் அது நடந்தது. அதுவரை சிதறிக் கிடந்த புள்ளிகள் சட்டென்று ஓர் ஆளாயின. முகமில்லை, உடம்பில்லை, ஆனாலும் தோள் எது, முழங்கை எது, கணுக்கால் எது என்று யாரும் சொல்லாமலே தெரிந்தது. அரைமண்டியில் இறங்கியது அந்த உருவம். ஒரு கை மெதுவாக விரிந்தது. கால் தட்டியபோது சத்தமே இல்லை, ஆனால் தாளம் கேட்பதுபோல் இருந்தது. சுழன்றபோது புள்ளிகள் ஒன்றையொன்று கடந்து மறைந்து மறுபடி முளைத்தன.

ஃபரீஹாவுக்குப் பயம் எப்போது போனதென்று தெரியவில்லை. அருகில் போய்ப் பார்க்கத் தோன்றியது. உள்ளே நுழைந்து திரைக்கு முன் நின்றாள். கணினியை அணைத்துப் போட்டால் எல்லாம் சரியாகிவிடலாம். விரல் பொத்தான் வரை போனது, அழுத்த மனம் வரவில்லை. இவ்வளவு நாளும் இந்தக் கேமராக்களைத் துடைத்தாள், திருகினாள், திட்டினாள். அவை இப்படியும் பார்க்கும் என்று அவளுக்கு யாரும் சொன்னதில்லை.

லோகேஸ்வரன் பக்கத்தில் வந்து நின்றான். கால்சட்டையை மறக்காமல் பிடித்திருந்தான்.

விருந்தினர்கள் எப்போது வந்தார்கள் என்பதையே இருவரும் கவனிக்கவில்லை. துறைத்தலைவர் கஸ்தூரி மேடம் அவர்களை அலமாரிக்குப் பக்கவாட்டில் ஒவ்வொருவராக நுழைத்துக் கூட்டிவந்திருந்தார். அடுத்த ஆண்டு ஓய்வு பெறப்போகிறவர்; அவர் சிரித்துப் பார்த்தவர்கள் அந்தக் கல்லூரியில் இல்லை.

விளக்கம் கேட்பார்கள் என்று ஃபரீஹா பயந்தாள். யாரும் கேட்கவில்லை. தோட்ட நிறுவனத்தின் மேலாளர் ஐயாசாமி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, ஆட்டம் முடிந்து புள்ளிகள் கைகூப்பி நிற்கும்வரை அசையவே இல்லை.

"ட்ரோனை அப்புறம் பாத்துக்கலாம்," என்றார் அவர், குரலைத் தாழ்த்தி. "இந்த கேமரா எங்கயும் போகக்கூடாது. ஆனா, ஆடுன அந்தச் சின்னப்பொண்ணு யாரு? கூடத்துல ஆளையே காணோமே?"

கஸ்தூரி மேடம் ஃபரீஹாவின் காதருகே குனிந்தார். முகம் சிவந்திருந்தது.

"திரையில ஓடுற பதிவை நிறுத்திட்டு லைவுக்கு மாத்தும்மா. நேத்து நீங்கள்லாம் போனப்புறம், அந்த உருண்டையை எல்லாம் ஒவ்வொண்ணா ஒட்டிக்கிட்டு ஆடினது நான்தான்."