முப்பது மில்லியும் அளவு ஜாடியும்

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. நான் நலம். பித்தப்பை இல்லாமல் நீயும் நலம் என்று நம்புகிறேன். உன் மாமியார் தரும் பத்தியச் சாப்பாட்டைக் குறை சொல்லாமல் சாப்பிடு. பாரில் எல்லாம் ஒழுங்காகவே நடக்கிறது. உன் பார்மேன் போனில் வேறு மாதிரி சொல்லியிருப்பார். இன்றோடு வேலையை விட்டுப் போவதாக அவர் சொல்வது உண்மைதான். காரணம் நான் என்பது அவருடைய கருத்து.

கல்லாவில் உட்கார்ந்தால் போதும், எதையும் தொடாதே என்று நீ சொன்னது நினைவிருக்கிறது. உட்கார்ந்துதான் இருந்தேன். ஆனால் கண் என்று ஒன்று இருக்கிறதே. வாடிக்கையாளர்கள் 'தராசு' என்று கூப்பிடும் அந்த மனிதர் அளவுக் கிண்ணத்தைத் தொடுவதே இல்லை. பாட்டிலைக் கவிழ்த்து, மனசுக்குள் நாலு வரைக்கும் எண்ணி, நிமிர்த்துகிறார், அதுதான் முப்பது மில்லி ஸ்மாலாம், லார்ஜ் என்றால் எட்டு வரை எண்ணுவாராம். இருபத்து நான்கு வருடமாக வேதியியல் நடத்துகிறவள் எதிரில் இப்படி எண்ணினால் எப்படிச் சும்மா இருப்பது? வெள்ளிக்கிழமை எடையளவு ஆய்வாளர் வருவதாக நோட்டீஸ் வேறு. அதனால் செவ்வாய்க்கிழமை எங்கள் ஆய்வுக்கூடத்து அளவு ஜாடி ஒன்றைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து, இனி எல்லாம் இதில்தான் என்று சொல்லிவிட்டேன்.

"சரிங்கக்கா" என்றார். அந்தச் சரி எனக்குப் பிடிக்கவில்லை.

ஜாடியைப் பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. கண் மட்டத்துக்குக் குனிந்து, திரவத்தின் அடி வளைவைப் படிக்க வேண்டும். நான் குனிந்தால் கண்ணாடி நழுவும், கண்ணாடியைத் தூக்கினால் ஜாடி ஆடும், ஆடினது நிற்கிற வரைக்கும் காத்திருக்கணும், இதெல்லாம் அறிவியல், அவசரப்பட முடியாது. தினமும் ஐந்து மணிக்கு வந்து இரண்டு ஸ்மால் குடித்துவிட்டு ஐந்தே முக்காலுக்கு வீடு திரும்பும் ஓய்வுபெற்ற தபால்காரருக்கு ஐந்தே முக்கால் வரை ஒன்றுகூடப் போய்ச் சேரவில்லை. "மருந்து கலக்குறீங்களா கம்பவுண்டரம்மா?" என்று கேட்கிறார். பக்கத்து மேசைத் தம்பதி ஒரு காக்டெயில் கேட்டார்கள். ரம், எலுமிச்சை, சர்க்கரைப்பாகு, மேலே கசப்புச்சாறு இரண்டு உதறல் என்றார் தராசு. ஒரு உதறல் எத்தனை மில்லி என்றேன். கைக்குத் தெரியும் என்றார். அதனால் ஜாடிக்குள் இருபது முறை உதறச் சொல்லிச் சராசரி எடுத்தேன். ஒரு உதறல், பூஜ்யம் புள்ளி எட்டு மில்லி. இதைச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். அதற்குள் ஐஸ் கரைந்து, அந்தத் தம்பதி சண்டை போட்டு, சமாதானமாகி, தண்ணீர் குடித்துவிட்டுப் போயிருந்தார்கள்.

நேற்று தராசு ஏப்ரனைக் கழற்றி, நாலாக மடித்து, என் முன்னால் வைத்தார்.

"பதினோரு வருஷமா என் கைக்கு யாரும் ஜாடி பிடிச்சதில்லக்கா. நாளைக்கு ஆய்வாளர் வந்துட்டுப் போகட்டும். அப்புறம் எதிர்த்த ஓட்டல் பார்ல சேர்ந்துக்கிறேன்."

தபால்காரரும் கூடவே கிளம்புகிறாராம், பின்னாலேயே பாதிக் கூட்டமும். போகட்டும் என்று விடு. ஆள் போவார், அளவு நிற்கும். நீ போன் செய்து அவரைக் கெஞ்ச வேண்டாம்.

மாடிப்படி ஏறாதே. உன் மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் என் அன்பு. தையல் சீக்கிரம் ஆறி, நீ நெடுநாள் நன்றாக இருக்க வேண்டும்.

உன் நன்மை ஒன்றையே நினைக்கும்,
அக்கா

பின்குறிப்பு: ஆய்வாளர் வந்துவிட்டுப் போனார். என் ஜாடியில் அளந்த முப்பதைத் தன் அரசு முத்திரை குத்திய கிண்ணத்தில் ஊற்றச் சொன்னார். இருபத்தொன்பது. மறுபடி ஊற்றினேன், அதற்கும் கீழே. ஜாடிக்குள் இருப்பது முப்பதுதான். ஒரு பங்கு உள்சுவரில் ஒட்டிக்கொள்வதால் வெளியே வருவது குறைகிறது. முதலாண்டு மாணவர்களுக்கு முதல் வாரத்தில் நான் நடத்தும் பாடம் இது. ஆய்வாளர் உரிமத்தைக் கையில் எடுத்துவிட்டார். அப்போது தராசு ஏப்ரன் இல்லாமலே வந்து, பாட்டிலைக் கவிழ்த்து அதே கிண்ணத்தில் ஐந்து முறை ஊற்றிக் காட்டினார். ஐந்தும் முப்பது. ஆய்வாளர் உரிமத்தை மேசையில் வைத்துவிட்டுப் போனார்.

தராசு சிரிக்கவில்லை. "மூணு நாளா உள்ள ஒட்டுனதெல்லாம் யாருக்குங்கக்கா?" என்று மட்டும் கேட்டார். தயவுசெய்து இருங்கள் என்றேன். அந்த வார்த்தையை என் வாயால் நீ கேட்டிருக்க மாட்டாய். ஒரே ஒரு நிபந்தனையோடு ஒத்துக்கொண்டார்: நானும் ஜாடியும் ஒரே பஸ்ஸில் கிளம்ப வேண்டும். நாலு மணிக்குப் பஸ். கல்லாவில் தபால்காரர் உட்கார்ந்துவிட்டார்.