தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்

மூன்று பக்கம் கடலும் நான்கு பக்கம் கேபிளும் சூழ்ந்த நெடுங்கரை நாட்டில், ஐந்தாண்டுக்கு ஒருமுறை மக்களே மன்னரைத் தேர்ந்தெடுத்தார்கள். ஒவ்வொரு முறையும் அவரையே தேர்ந்தெடுத்தார்கள். அந்த நாட்டாருக்கு ஒரு பழக்கம் இருந்தது. பேசிக்கொண்டிருப்பவரை நடுவில் விட்டுப் போக மாட்டார்கள். போனை முதலில் வைப்பது, எதிராளியின் முகத்தில் கதவைச் சாத்துவதற்குச் சமம். "நீங்க வைங்க", "இல்லை, நீங்க வைங்க" என்று சம்பந்திகள் அரை நாளைக் கழித்ததெல்லாம் உண்டு.

இந்தப் பழக்கத்தை மன்னர் கவனித்ததில்லை. பதினேழு நாடுகளில் கேபிள் டிவியும் பிராட்பேண்டும் நடத்திவந்த எண்திசை நிறுவனம், வந்திறங்கிய முதல் வாரத்திலேயே கவனித்துவிட்டது.

டிவி, இணையம், போன் மூன்றும் ஒரே கம்பியில் வரும் என்றார்கள். வந்தன. அறுபது சேனல்களில் நாற்பத்தொன்றில் மன்னர் வந்தார்.

அந்த நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் பூங்கோதைக்கு வேலை கிடைத்தது. "தங்கள் அழைப்பு எங்களுக்கு மிகவும் முக்கியம். தயவுசெய்து இணைப்பிலேயே இருங்கள்" என்று பேசிப் பதிவுசெய்ய வேண்டும். அவளுக்கு முன்னால் பதினொரு பெண்கள் கனிவாகத்தான் சொல்லிப் பார்த்தார்கள். பூங்கோதை சொன்னதும் அறையில் இருந்தவர்களே எதற்கென்று தெரியாமல் காத்திருக்கத் தொடங்கினார்கள். அந்தக் குரல் எங்கிருந்து வந்தது என்று அவளே பிறகு யோசித்தாள். மேற்படிப்பை அடுத்த வருடம் பார்த்துக்கொள்ளலாம், கோபத்தை நாளைக்கு வைத்துக்கொள்ளலாம் என்று இத்தனை காலமும் தனக்குத்தானே சொல்லிக்கொண்ட குரல் அது. அதை மைக்கில் கொடுத்துவிட்டு வந்தபிறகு உள்ளே ஓர் அறை காலியானது போலிருந்தது.

மழையில் கம்பிகள் அறுந்தன. புகாரைக் கம்பி வழியாகத்தான் தர வேண்டும் என்பது விதி. தகவல் அமைச்சர் வச்சிரநாதர் அவையில் எழுந்தார்.

"கம்பி அறுந்த தெருக்களிலிருந்து ஒரு புகார்கூட இல்லை, மாமன்னரே. நாட்டிலேயே மனநிறைவோடு வாழ்பவர்கள் அவர்கள்தாம்."

"மற்ற தெருக்கள் என்ன பாவம் செய்தன?" என்று மன்னர் கலங்கினார். மறுநாளே இன்னும் இருபது தெருக்களில் கம்பியை அறுத்து மனநிறைவு வழங்கப்பட்டது.

அதற்கடுத்து வந்ததுதான் குரல் சட்டம். பூங்கோதையின் வீட்டுக்கு ஓர் அதிகாரி வந்து நின்றுகொண்டே வாசித்தார்.

"அம்மையாரே, தங்கள் குரல் இனி நிறுவனத்தின் சொத்து. சொந்த உபயோகத்துக்கு நாளொன்றுக்கு ஐந்து வாக்கியங்கள் கருணையோடு அனுமதிக்கப்படுகின்றன. மிச்சம் வைத்தால் மறுநாளில் சேராது."

"அஞ்சு தாராளம் சார்" என்றான் அவள் கணவன் நல்லசிவம்.

முதல் நாள் ஐந்தையும் சாம்பாருக்கே செலவழித்துவிட்டாள். பிறகு சிக்கனம் பழகினாள். மாலை வரை மூன்று வாக்கியங்களை மிச்சம் பிடிப்பாள். சொல்ல வேண்டியது மூன்றில் அடங்காது என்று தோன்றும். சொல்லாமலே படுத்துவிடுவாள். பேச முடிந்த காலத்திலும் தான் இதைத்தானே செய்தோம் என்று ஒருநாள் உறைத்தபோது அவளுக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கரித்தது.

அப்போது தேர்தல் அறிவித்தார்கள். அறுந்த கம்பிகள் எல்லாம் ஒரே பகலில் ஒட்டிக்கொண்டன. எதிர்த்து நின்ற படகோட்டி அமிர்தப்பன், வென்றால் குரல் சட்டத்தைக் கிழித்துக் கடலில் போடுவதாகச் சொன்னார். பூங்கோதை அதை நான்கு முறை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள். தன் குரலைத் திரும்பப் பெற வேறு வழியில்லை.

நிறுவனம் அவளை அழைத்து எண்களை வாசிக்கச் சொன்னது. மூன்று லட்சத்திலிருந்து கீழ்நோக்கி, நாள் கணக்காக. எதற்கு என்று கேட்க அவளிடம் அன்றைய வாக்கியம் மிச்சமில்லை.

வாக்குப்பதிவு போனில் நடந்தது. மன்னரே தொடர ஒன்றாம் எண்ணை அழுத்த வேண்டும். மாற்றம் வேண்டுவோர் இணைப்பிலேயே இருக்க வேண்டும்.

ஒன்றை அழுத்தியவர்கள் முப்பத்தொரு பேர். நாடு முழுவதும் பூங்கோதையின் குரலைக் கேட்டபடி இணைப்பில் இருந்தது.

"மாற்றம் கோருவோர் இன்னும் வாக்களித்து முடிக்கவில்லை. பொறுமையான அந்த மக்களை மன்னர் பாராட்டுகிறார். தாங்களே போனை வைத்து இணைப்பைத் துண்டித்த தெருக்களுக்கு மட்டும் தேர்தல் ஆணையம் நேரில் வந்து வாக்குப்பெட்டி வைக்கும்" என்றார் வச்சிரநாதர். அந்தக் கடைசி வாக்கியத்தைச் சொல்லியாக வேண்டும் என்பது சட்டம்; அதனால் அதை மட்டும் மெதுவாகச் சொன்னார்.

பூங்கோதைக்கு மட்டும் கேட்டது. நிறுவனத்தில் போன் வாக்குகளைப் பெறும் அறைக்குப் போய்க் கண்ணாடி வழியே பார்த்தாள். உள்ளே ஒரு மேசை இருந்தது. போன் இல்லை. ஆள் இல்லை. ஐந்து வாக்கியங்களையும் பத்திரமாக வைத்துக்கொண்டு வீட்டுக்கு ஓடினாள்.

நல்லசிவம் ரிசீவரைக் காதில் வைத்தபடி கையமர்த்தினான்.

"சத்தம் போடாத. காலையில வரிசையில ரெண்டு லட்சத்துப் பதினேழாவது இடம். இப்ப ரெண்டு லட்சத்துப் பதினாலு. நகருது பாரு."

"போனை வைங்க."

"நீதான இருக்கச் சொல்ற? உன்னையே நடுவுல வெட்டிட்டு வைக்கச் சொல்றியா?"

"அங்க ஓட்டு வாங்க ஆளே இல்ல. வெறும் மேசைதான் இருக்கு."

"ஆள் சாப்பிடப் போயிருப்பாங்கம்மா."

"அந்த நம்பரெல்லாம் சும்மா."

"உனக்கு எப்படித் தெரியும்?"

ஒரே ஒரு வாக்கியம்தான் இருந்தது. மூச்சை நன்றாக இழுத்துக்கொண்டு, இதுவரை யாரிடமும் பேசியிராத உரத்த குரலில் சொன்னாள்.

"நான்தான் அதையெல்லாம் உட்கார்ந்து வாசிச்சேன்!"

நல்லசிவத்தின் முகம் மலர்ந்தது. ரிசீவரைக் கையால் பொத்திக்கொண்டு, சோர்ந்துபோய்ப் போனை வைக்கப் போன பக்கத்து வீட்டு அஞ்சுகத்தை ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான்.

"அக்கா, வச்சிடாதீங்க! அந்த நம்பரெல்லாம் நம்ம பூங்கோதை வாசிச்சதாம். அவ என்னிக்கு தப்பா சொல்லியிருக்கா?"

"அப்படியா தம்பி? முன்னாடியே சொல்லக் கூடாதா" என்ற அஞ்சுகம், ரிசீவரை மறுபடி காதில் வைத்துக்கொண்டு, செய்தியை எதிர்வீட்டுக்குச் சொன்னாள்.